மாஜோங் தாள் இல்லாத பாடம்

பாடம் பார்க்க ஆள் வருகிறார்கள் என்ற செய்தி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் எழும் கேள்வி, ‘யார் வர்றாங்க?’ என்பதுதான். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதெல்லாம் பிறகு. பாடப் பணித்தியத் தலைவர் என்றால் ஒரு சிரிப்பு. தலைமையாசிரியர் என்றால் பழைய நாள் பாடத்திட்டங்களைப் புரட்டும் சத்தம். மாவட்டக் கல்வி இலாகா என்றால் சுவரில் வெளுத்துத் தொங்கும் அட்டைகள் இறங்கிப் புதியவை ஏறும். பள்ளிகளை ஆய்வு செய்யவரும் ‘நாசிர்’ என்று யாராவது சொல்லிவிட்டால், அன்று பள்ளி விடும் மணிக்கு ஒரு காரும் வெளியேறாது.

கோலாலம்பூரில் சில ஆண்டுகள், பிறகு கிள்ளானில் நெடுங்காலம் எனத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். வீடு பிரிக்பீல்ட்ஸில். விடியுமுன் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறுவேன். ஊரே தலைநகரை நோக்கி வரும் நேரத்தில் நான் கிள்ளானை நோக்கிப் போவதால் உட்கார இடம் கிடைக்கும். மடியில் நாள் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு திருத்தியபடியே போகலாம். பணிக்காலத்தின் முதல் பாதியில் என் பாடத்தை மற்றவர்கள் வந்து பார்த்தார்கள். துணைத் தலைமையாசிரியையான பிறகு மற்றவர்களின் பாடத்தை நான் பார்த்தேன். இப்படிப் பாடம் பார்ப்பதை மலாயில் ‘பென்செராப்பான்’ என்பார்கள். ஆசிரியர் அறையிலும் அதே சொல்தான் புழங்கும். அதைப் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. பாடம் முடிந்து இருவரும் எதிரெதிரே உட்காரும் அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றியே.

வகுப்புக்குள் வந்து பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1987ஆம் ஆண்டின் 3ஆம் எண் சுற்றறிக்கையிலேயே, வகுப்பறைக் கற்பித்தலை மேற்பார்வையிடுவது தலைமையாசிரியரின் கடமை என்று கல்வி அமைச்சு எழுத்தில் வைத்துவிட்டது. 2017இல் மலேசியக் கல்வித் தரச் சட்டகத்தின் இரண்டாம் அலை வந்தது. அதில் நான்காவது தரம் முழுக்க வகுப்பறைக்குரியது. ஆசிரியர் திட்டமிடுபவர், வகுப்பை ஆள்பவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஐந்து கூறுகள். மாணவர் முனைந்து கற்பவர் என்பது ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. பாடத்தைத் தமிழில் நடத்தினாலும் பாரம் மலாயில்தான். பார்க்க வருபவர் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாரத்தை மடியில் விரிப்பார்.

அன்றைக்கு வகுப்பில் நடப்பது ஏறக்குறையப் பெண் பார்க்கும் படலம். பிள்ளைகளுக்கே அது தெரியும். வழக்கமாக “டீச்சர், அவன் என் பென்சில எடுத்துட்டான்” என்று பாதிப் பாடத்தில் எழுந்து நிற்பவன்கூட அன்று கைகட்டி உட்கார்ந்திருப்பான். பீடிகைக்கு ஒரு காணொளி, கூடம் முழுக்க வண்ண அட்டைகள், குழு நடவடிக்கை, படைப்பு, சிந்தனை மீட்சி. முந்தின வாரம் நடத்தி முடித்த பாடத்தையே அன்று மறுபடி நடத்துகிறவர்களும் உண்டு. கேள்வி கேட்டதும் எல்லாக் கைகளும் உயரும். பதில் சரியாகத் தெரிந்தவன் வலக்கையைத் தூக்கு, தெரியாதவன் இடக்கையைத் தூக்கு என்று ஓர் ஆசிரியர் சொல்லிவைத்திருந்தாராம். இந்தக் கதையை நான் வேலை பார்த்த எல்லாப் பள்ளிகளிலும் கேட்டிருக்கிறேன். எங்காவது உண்மையிலேயே நடந்திருக்கலாம்.

என் முதல் அனுபவங்களில் பாடம் முடிந்த பிறகு நடந்த பேச்சு எப்போதும் ஒரே வார்ப்பு. தலைமையாசிரியர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் பாரத்தை மேலிருந்து கீழே வாசிப்பார். குரல் தெளிவு, நல்லது. வெண்பலகை எழுத்து, நல்லது. பயிற்றுத் துணைப்பொருள் போதாது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் இன்னும் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நான் “சரிங்க சார்” என்பேன். கடைசியில் பேனாவை என் பக்கம் தள்ளுவார். “ஏதாவது சொல்லணுமா டீச்சர்?” என்று கேட்கும்போதே அவர் கை அடுத்த கோப்பைத் தொட்டிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவேன்.

வெளியே வரும்போது மனத்தில் என்ன இருக்கும்? ஆசிரியருக்கு ஆத்திரம் இருக்கும், அவமானம் இருக்கும் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எப்போதாவது அதுவும் இருக்கும். பெரும்பாலும் இருப்பது நிம்மதி. ஒருவழியாக முடிந்தது, இனி அடுத்த தவணைக்குத்தான். சிற்றுண்டிச்சாலையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், “எப்படிப் போச்சு?” என்று கேட்பார்கள். “ஓகே” என்பதுதான் பதில். அந்தக் கால்மணி நேரத்திலிருந்து வகுப்புக்கு எடுத்துப் போக எதுவும் இருக்காது. நிம்மதி அடைந்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சந்திப்புகளின் பெரிய இழப்பு இதுதான் என்று பிற்பாடு புரிந்தது.

ஆத்திரமும் உண்டு என்றேன். அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் முதலாம் ஆண்டுக்கென்றே பிறந்தவர்போல் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். பாலர் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளையையும் ஆண்டு முடிவதற்குள் கதைப் புத்தகம் வாசிக்க வைத்துவிடுவார். வகுப்பு ககர வரிசையைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிள்ளையாகத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எந்தப் பிள்ளை கொம்பில் தடுமாறுகிறது, எது ரகர றகரத்தில் வழுக்குகிறது என்று பாராமலே சொல்வார். பாடம் பார்க்க வந்தவர் எழுதியது: குழு நடவடிக்கை இல்லை, தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு குறைவு, மாணவர் பங்கேற்பு 2. எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. “சரிங்க சார்” என்றார்.

அடுத்த தவணையில் அதே வகுப்பில் மாஜோங் தாள் விரிந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: புத்தகக் கடையில் சுருட்டி விற்கும் மெல்லிய பெரிய வெள்ளைத் தாள் அது. மாஜோங் ஆட்டத்துக்கு மேசைமேல் விரிக்கும் தாள் என்பதால் அந்தப் பெயர். இங்கே குழு நடவடிக்கை என்றாலே அதுதான். நான்கு குழு, நான்கு தாள், ஆளுக்கொரு மார்க்கர் பேனா. முடிந்ததும் சுவரில் ஒட்டிச் சுற்றிவந்து பார்ப்பது. புள்ளி ஏறியது. அன்று மதியம் ஆசிரியர் அறையில் அந்த அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “இன்னைக்கு ஒரு பிள்ளைகூட என்கிட்ட வாசிக்கல. மார்க்கு மட்டும் ஏறிடுச்சு.”

தரச் சட்டகத்தின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அந்த ஆறு கூறுகளையும் நிதானமாகப் படித்தால், மாணவரின் நிலைக்கேற்ப வழிகாட்டு என்றுதான் சொல்கின்றன; மாஜோங் தாளை எந்தக் கூறும் கேட்கவில்லை. தனித்தனியாக வாசிக்கக் கேட்பதைவிட நிலைக்கேற்ற வழிகாட்டல் வேறென்ன? ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஆறு கூறுக்கும் எண் போட்டு, தவணை முடிவதற்குள் கணினியில் ஏற்ற வேண்டியவருக்குக் கண்ணில் படுவதுதான் சான்று. தாள் கண்ணில் படும். ஒரு பிள்ளையின் நாக்கில் ரகரம் திருந்துவது கடைசி வரிசை நாற்காலிக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எங்கள் பள்ளிகளில் உண்டு: அளவுக்கு மீறிய மரியாதை. தமிழ்ப்பள்ளி உலகம் சின்னது. மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ் என்று தோட்டங்களின் பெயரை இன்னும் சுமந்து நிற்கும் பள்ளிகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல. ரப்பரும் செம்பனையும் போய் அடுக்குமாடியும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டாலும் ஆட்களுக்குள் உறவு விட்டுப்போகவில்லை. ஆசிரியரும் தலைமையாசிரியரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள், அல்லது சம்பந்தி வழியில் ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மாலை வாங்கப் போனால் அங்கே அவரும் நிற்பார். தன்னிடம் படித்த மாணவரே தலைமையாசிரியராகிப் பாரத்தோடு வகுப்புக்குள் வந்த கதையும் எனக்குத் தெரியும். பாடம் முடிந்ததும் அவர் சொன்னாராம்: “உங்களுக்குப் போய் நான் என்ன டீச்சர் சொல்றது? எல்லாம் நல்லா இருந்துச்சு.” எல்லாக் கூறுக்கும் 4. அந்த ஆசிரியைக்கு அன்று ஒரு சந்தேகம் இருந்தது. கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதைத் தான் சொல்லிக்கொடுக்கும் முறை பாதி வகுப்புக்கு ஏறவில்லை என்று அவருக்கே தெரியும். அதை யாரிடம் கேட்பது? 4 வாங்கியவர் போய்ச் சந்தேகம் கேட்க முடியுமா?

இரண்டு சந்திப்புகளும் ஒரே இடத்தில்தான் பழுதாகின்றன. ஒன்றில் குறை, மற்றதில் புகழ். இரண்டிலும் பேச்சு முழுவதும் ஆசிரியரைப் பற்றியே. பிள்ளை அந்த அறைக்குள் வரவே இல்லை.

எனக்கு இது தெளிவானது எதிர்பாராத ஒருவரால். கல்விப் பெருந்திட்டம் 2013–2025 வந்தபோது மாவட்டக் கல்வி இலாகாக்களில் எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ் என்ற பெயரில் பயிற்றுநர்களை அமர்த்தினார்கள். மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களுக்கு வகுப்பறைக்கே வந்து ஆசிரியரோடு வேலை செய்பவர்கள். என் கணித வகுப்புக்கு வந்தவர் ஒரு மலாய் அம்மையார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் தமிழில் பின்னம் நடத்த, அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு உள்ளூர ஓர் அலட்சியம்.

பாடம் முடிந்ததும் அவர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் ஓய்வுக்குப் போன வகுப்பறையிலேயே, பிள்ளைகளின் குட்டை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் இருந்தது வகுப்பின் இருக்கை வரைபடம்; அவரே போட்டது. ஒவ்வொரு இருக்கையிலும் சின்னச் சின்னக் கோடுகள். “சிக்கு, மொழி தெரியாததால் யார் பேசினார்கள் என்று மட்டும் குறித்தேன்” என்று மலாயில் சொன்னார். ஆசிரியரை மலாயில் ‘சிக்கு’ என்றுதான் அழைப்பார்கள். முன் இரண்டு வரிசை முழுக்கக் கோடுகள். சன்னலோரம் நான்கு இருக்கைகள் வெறுமையாக இருந்தன. “இந்தப் பையன் மூன்று முறை உதட்டைத் திறந்தான். மூன்று முறையும் பக்கத்துப் பையன் முந்திக்கொண்டான். அவன் என்ன சொல்ல வந்தான் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் அந்த நிமிடமே வந்தது. என் குரலைப் பற்றியோ வெண்பலகையைப் பற்றியோ அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் எழுதியது என் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் பேசியது முழுவதும் அந்தச் சன்னலோரப் பையனைப் பற்றித்தான். ஓய்வுநேர மணி அடித்ததுகூட உறைக்கவில்லை. மறுநாள் அவனிடம் தனியாகக் கேட்டேன். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரிது, ஏனென்றால் நான்கு பெரிய எண் என்றான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்; சொல்லத்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் பிற நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969இல் வெளிவந்த தம் நூலில் வகுப்பறை மேற்பார்வையை ஐந்து படிகளாகப் பிரித்தார். பாடத்துக்கு முன்னால் ஒரு பேச்சு, பாடத்தைப் பார்ப்பது, பார்த்ததை அலசுவது, ஆசிரியரோடு உட்காருவது, கடைசியாக மேற்பார்வையாளர் தம் வேலையையே திரும்பிப் பார்ப்பது. எங்கள் பள்ளிகளில் இரண்டாவது படி தவறாமல் நடக்கும். நான்காவது அவசரமாக நடக்கும். மற்ற மூன்றையும் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். குளுகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி, 607 அளவீடுகளை ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். புள்ளி போட்ட தாளைக் கையில் வாங்கிய எந்த ஆசிரியரின் கவனமும் வேறெங்கே திரும்பும்? இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடும் வழக்கத்தை 2014இல் கைவிட்டது. ஆய்வு இன்றும் நடக்கிறது. ஒரு பாடத்தை ஓர் எண்ணாகச் சுருக்குவதுதான் நின்றுபோனது.

துணைத் தலைமையாசிரியை ஆனபோது பாரம் என் மடிக்கு வந்தது. அந்தப் பக்க உணர்ச்சிகளையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் அதை அறிவதில்லை. பார்க்கப் போகிறவருக்கும் வயிற்றில் கலக்கம் உண்டு. பத்து வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டவர், என் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுத்தவர், அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து எண் போட வேண்டும். 2 போட்டால் நாளை மேசையில் இடம் மாறும். 4 போட்டால் மனசாட்சி உறுத்தும். அதனால்தான் நாட்டில் இத்தனை 3! பாடவேளை அட்டவணை, இடமாற்று ஆசிரியர் ஏற்பாடு, புறப்பாட நடவடிக்கை, பெற்றோர் புகார், இலாகா கேட்கும் அறிக்கை என எல்லாவற்றுக்கும் இடையில்தான் இந்தப் பார்வையும். பாரத்தை நிரப்பிக் கணினியில் ஏற்றினால் கடமை தீர்ந்தது என்று எந்த மனிதருக்கும் தோன்றும்.

கொரோனா காலம் இந்த நாடகத்தின் திரையையே விலக்கிவிட்டது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்பின் பாடம் கூகுள் மீட்டுக்கு மாறியது. கொஞ்ச நாளில் பென்செராப்பானும் அங்கேயே வந்து சேர்ந்தது. கேமராவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஆசிரியர் பேசிக்கொண்டிருப்பார். நானும் ஒரு கறுப்புக் கட்டமாக அதே வரிசையில் இருப்பேன். வண்ண அட்டை இல்லை, மாஜோங் தாள் இல்லை. ஒரு வீட்டில் மிக்சி ஓடும். ஒரு வீட்டில் தம்பி அழுவான். அண்ணன் தம்பி மூவருக்கு ஒரே கைப்பேசி என்பதால் ஒருவன் வரவே மாட்டான். முடிந்ததும் ஆசிரியருக்குத் தொலைபேசியில் அழைத்தால், அவராகவே பேச ஆரம்பிப்பார். “டீச்சர், அந்த மூணு பிள்ளைங்க இன்னைக்கும் வரல. அப்பாவோட போன் ராத்திரிதான் கிடைக்குமாம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை எடுக்கட்டுமா?” காட்டிக்கொள்ள எதுவும் இல்லாதபோது பேச்சு தானாகப் பிள்ளைகளிடம் போய்விட்டது. அதுவரை எந்த அலுவலகச் சந்திப்பிலும் அவ்வளவு வெளிப்படையாக ஆசிரியர்கள் என்னிடம் பேசியதில்லை.

பள்ளி திறந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட எனக்கு மனமில்லை. விதியை மாற்ற என்னால் முடியாது. பாரம் பாரம்தான், எண் எண்தான். அதற்குள் இருந்த இடத்தில் சிலவற்றை வழக்கமாக்கிக்கொண்டேன். பாடத்துக்கு முந்தைய நாள் ஐந்து நிமிடம், நடைபாதையில் நின்றபடியாவது, “நாளைக்கு நான் எதைப் பார்க்கணும்னு நினைக்கறீங்க?” என்று கேட்பது. முதல்முறை கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள். அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் ‘நன்று’, ‘போதாது’ என்று எழுதாமல், காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுவது. ஆசிரியர் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன பதில், இடையில் எத்தனை நொடி மௌனம். முடிந்ததும் அலுவலகம் வேண்டாம். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை நடுவில் வைத்து வகுப்பிலேயே உட்காருவது. அன்றே, நினைவு ஆறுமுன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “இன்னைக்கு எந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டுச்சு, எந்தப் பிள்ளைக்குப் பிடிபடல?” இதைக் கேட்டால் ஆசிரியரின் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ‘பாடம் எப்படி இருந்துச்சுன்னு நினைக்கறீங்க?’ என்று கேட்டால் எல்லோரும் தற்காப்புக்குத் தயாராவார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சளசளவென்று பேசுவார்கள். நோட்டைப் புரட்டி, “இங்க பாருங்க டீச்சர், இவன் இதுவரைக்கும் சரியாத்தான் போட்டிருக்கான், இங்கதான் இடறுறான்” என்று அவர்களே காட்டுவார்கள். நான் எழுதிய வசனங்களை அப்போது வாசித்துக் காட்டுவேன். ஓர் ஆசிரியர் தாம் கேட்ட கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிடுவதை என் தாளில் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் ஒரு குறையும் சொல்லவில்லை, தாள் சொல்லிவிட்டது. கடைசியில் எடுத்துப் போக ஒரே ஒரு காரியம். ஏழெட்டுப் பரிந்துரை கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை.

எண்ணை மட்டும் அன்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு நாளுக்கு, இன்னொரு உட்காரலுக்கு. ஒரே மூச்சில் இரண்டையும் வைத்தால் எண்ணைக் கேட்ட காது மற்றதைக் கேட்காது. வழி சொல்பவரே புள்ளியும் போடுகிறார் என்றால், தன் வகுப்பில் எது நடக்கவில்லை என்று எந்த ஆசிரியர் வாயைத் திறந்து சொல்வார்? அந்தப் புள்ளி பதவி உயர்வுக்கும் சிறந்த சேவை விருதுக்கும் போய்ச் சேரும் என்று தெரிந்த பிறகும் சொல்வாரா? இரண்டு வேலைகளையும் ஒரே ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் இரண்டு நாளாக ஆக்கலாமே என்பதுதான் என் கணக்கு.

புள்ளியே இல்லாத ஓர் இடத்தில் ஆசிரியர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளின் நெடுநாள் வழக்கமான பாட ஆய்வு, கற்றல் சமூகத் திட்டத்தோடு எங்கள் பள்ளிகளுக்கும் வந்தது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட வேண்டும். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். சில இடங்களில் அதுவும் புகைப்படம் எடுத்துக் கோப்பில் ஒட்டும் சடங்காகிப்போனது. ஆனால் ஒருமுறை, பின்னப் பாடத்தையே எடுத்து எங்கள் கணித ஆசிரியர்கள் செய்தபோது நடந்தது வேறு. மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா பெரிது என்பதைக் காகிதம் மடித்துக் காட்டுவது என்று திட்டம். ஒரு பிள்ளை இரண்டு வெவ்வேறு அளவுத் தாள்களை மடித்து, ‘நான்கில் ஒன்றுதான் பெரிது’ என்று நிரூபித்தே விட்டாள்! ஒரே அளவுத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாடத்துக்குப் பிறகு நடந்த பேச்சில் ஒருவரும் பாடம் நடத்தியவரைக் குறை சொல்லவில்லை. திட்டம் எல்லோருடையது, தவறும் எல்லோருடையது. “நம்ம ஏன் இத யோசிக்கல?” என்றுதான் பேச்சு ஓடியது. அடுத்த வகுப்பில் அந்த இரண்டு தாள்களையும் வேண்டுமென்றே கொடுத்து, ஏன் விடை மாறுகிறது என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடம் அதுதான் என்பேன். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிந்தபோது, இனி வகுப்பறைக்குள் நடப்பதுதான் எல்லாம் என்றார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் வரும் ‘ஏ’க்களை எண்ணிப் பள்ளியை அளந்த காலம் போய், ஆசிரியரே வகுப்பில் பிள்ளையின் அடைவுநிலையைப் பார்த்துச் சொல்லும் காலம் வந்தது. பிள்ளையை எண்ணால் மட்டும் அளக்காதே, நிலையைப் பார்த்து அடுத்த படிக்குக் கொண்டுபோ என்று ஆசிரியருக்குச் சொல்கிறோம். அதே ஆசிரியரை நாங்கள் அளக்கும் விதம் மட்டும் பழைய தேர்வாகவே நிற்கிறது: முன்கூட்டி அறிவித்த நாள், ஒத்திகை, அரைமணி நேரம், ஒரு மதிப்பெண், ஒரு கையெழுத்து.

புதிதாகத் துணைத் தலைமையாசிரியர் ஆகிறவர்கள் என்னிடம், பாரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்பார்கள். அதை இலாகாவின் பட்டறையே சொல்லிக்கொடுக்கும். நான் சொல்வது வேறு. நீங்கள் சரியாகச் செய்கிறீர்களா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஆசிரியர் உங்களை எந்தப் பாடத்துக்குக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். தமக்கு நன்றாக வரும் பாடத்துக்கு, நன்றாகப் பேசும் வகுப்புக்குக் கூப்பிட்டால், அவர் உங்களுக்கு விருந்து வைக்கிறார். உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, நம்பிக்கை இன்னும் வரவில்லை. இந்த வழக்கங்களைத் தொடங்கிச் சில தவணைகள் ஆன பிறகு, ஓர் இளம் ஆசிரியை காலைச் சபை கலையும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். அவரைப் பார்க்க வேண்டிய நாள் அந்த மாதக் கடைசியில்தான் இருந்தது. “டீச்சர், நாளைக்கே என் கிளாஸுக்கு வர முடியுமா? நீள்பெருக்கல் ரெண்டு தடவை எடுத்துட்டேன், பாதிப் பேருக்கு ஏறல. எங்க போய் மாட்டுதுன்னு எனக்குத் தெரியல, நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க” என்றார். பாரம் கொண்டுவரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: “எந்த எந்தப் பிள்ளைங்க பக்கத்துல உக்காரட்டும்?”